கறுப்புத் திரைக்காரி

“வாயைத் திறக்கவே கூச்சப்படுறியே, நீ எப்படிம்மா நாலு பேரைக் கேள்வி கேட்டுத் துப்பறிவே?” என்று மாஹிமில் ஒரு இன்ஸ்பெக்டர் முன்பு ராபியாவைக் கேட்டார்.

ராபியா அதற்கும் வாயைத் திறக்கவில்லை. அவர் தேடிக்கொண்டிருந்த ஆள் அவருக்குப் பின்னாலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். விரலை நீட்டிக் காட்டினாள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் பேசுகிற வேலைக்கென்றே கணேசபாண்டியனை வைத்துக்கொண்டாள். அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்தி நொடித்துப்போனவன். வாய் மட்டும் நொடிக்கவில்லை.

அவர்களுடைய ஆபீஸ் தாராவியில், தோல் பை தைக்கிற ஒரு பட்டறைக்கு மேலே இருந்தது. ஒரே அறை. கீழே மெஷின்கள் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். அன்று காலை அந்த நடுக்கத்துக்கு நடுவே ஏணிப்படியில் ஒரு கோல் தட்டுகிற சத்தம் கேட்டது.

“பாத்து வாங்க! மூணாவது படி ஓட்டை!” என்று பாண்டி கத்தினான்.

“தெரியும். மிதிச்சுட்டுதான் வரேன்” என்று பதில் வந்தது.

உள்ளே வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கையில் வெள்ளைக் கோல். தோளில் துணிப்பை. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

“என் பேர் வந்தனா. மாதுங்கா. எனக்குப் பிறவியிலேர்ந்தே ரெண்டு கண்ணும் தெரியாது. வெளிச்சம் இருட்டு வித்தியாசம்கூடத் தெரியாது. இதை முதல்லயே சொல்லிடறேன். அப்பறம் மெதுவா ஒவ்வொருத்தரா கேக்க வேண்டாம் பாருங்கோ.”

பாண்டி கேட்கத் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

“செம்பூர்ல வேலை பாக்கறேன். டாக்டர்கள் பேசி அனுப்பறதைக் கேட்டு ரிப்போர்ட்டா டைப் அடிக்கற வேலை. போன வாரம் ஒரு சீரியல் நடிகையோட ரிப்போர்ட் யூட்யூப்ல வந்துடுத்து. என் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் போச்சுன்னு சொல்றா. எங்க ஆபீஸ்ல புதுசா ஒரு செக்யூரிட்டி சாஃப்ட்வேர் போட்டிருக்கா. அது என்னைக் காட்டிக் குடுத்துடுத்தாம்.”

“போலீஸுக்குப் போயாச்சா?” என்றாள் ராபியா.

“போகலை. அதுக்குப் பதிலா ஒரு பேப்பர் வெச்சிருக்கா. ‘நான்தான் எடுத்தேன், மன்னிக்கணும், வேலையை விட்டுப் போறேன்.’ இன்னிக்கு நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். இல்லேன்னா போலீஸ். நேத்திக்கு மேனேஜர் சுந்தரராமன் எல்லாரையும் ஹெட்போனைக் கழட்டச் சொல்லி, ஹாலுக்கு நடுவுல நின்னு என்னைத் திருடின்னு சொன்னார்.”

“கையெழுத்துப் போடப் போறீங்களா?”

“வேலையை விட்டுப் போகணும்னா நானா போவேன். அந்தப் பேரோட போக மாட்டேன்.”

ராபியா பாண்டியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே போனில் அந்த வீடியோவைத் தேடி எடுத்திருந்தான். ஒரு ஆள் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். அவன் பின்னால் ரிப்போர்ட்டின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கம்ப்யூட்டர் திரையை யாரோ போனில் பிடித்த படங்கள்.

“ஆறு போட்டோக்கா. எழுத்து ஒவ்வொண்ணும் இட்லி சைஸுக்கு இருக்கு. அதுவும் கல்யாண வீட்டு இட்லி. ஒரு வரியில மூணு வார்த்தைதான் கொள்ளுது.”

“சிரிச்சது போதும்லே. டாக்ஸியக் கூப்பிடு” என்றாள் ராபியா.

*

டாக்ஸி சயானைத் தாண்டியதும் வந்தனாவின் போன் பேச ஆரம்பித்தது. என்ன மொழி என்றே தெரியாத வேகம்.

“என்னங்க இது, எலிக்குஞ்சு சண்டை போடுத மாதிரி இருக்கு?”

“ஸ்க்ரீன் ரீடர். திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்லும். ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் இருக்கு. எனக்கு இந்த ஸ்பீடு சரியா இருக்கும்.”

பாண்டி எட்டிப் பார்த்தான். போன் திரை கறுப்பாக இருந்தது. “போன் அணைஞ்சுல்லா கிடக்கு?”

“அணையலை. திரையை மறைச்சு வெச்சிருக்கேன். அந்த வசதி அதுலயே உண்டு. எனக்குத் திரை எதுக்கு? முன்னாடியெல்லாம் லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல திறந்தேதான் வெச்சிருந்தேன். ஒருநாள் அம்மா ஒரு பையனைப் பத்தி மெசேஜ் அனுப்பினா. நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள பக்கத்துல நின்னவ சொல்றா, ‘பையன் துபாய்லயா? வேண்டாம்மா’ன்னு.”

பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். ராபியாவுக்கும் உதடு கொஞ்சம் வளைந்தது.

“அன்னிக்கே மறைச்சுட்டேன். போன்லயும், ஆபீஸ்லயும். ஆபீஸ் சாஃப்ட்வேர் அப்பப்ப எல்லார் திரையையும் படம் பிடிக்கும். என்னோடது மட்டும் எப்பவும் கறுப்பா வரது. அதான் அவாளுக்கு உறுத்தல்.”

“அந்த சாஃப்ட்வேருக்கும் உங்க ரீடருக்கும் வேற ஏதாவது தகராறு உண்டா?” என்று ராபியா கேட்டாள்.

“வேறயா? நித்தம் சண்டை. நான் அடிக்கற ஒவ்வொரு எழுத்தையும் ரீடர் கேட்டுச் சொல்லணும் இல்லையா? அதை அந்த சாஃப்ட்வேர் ‘யாரோ வேவு பாக்கறா’ன்னு நினைச்சுக்கும். திடீர்னு ரீடரை நிறுத்திடும். எனக்குக் காதடைச்சாப்ல ஆயிடும். மறுபடி கிளப்பிக்கணும்.”

“ரீடர் நின்னா திரை என்ன ஆவும்?”

“மறைப்பும் போயிடும். எல்லாருக்கும் தெரியற மாதிரி ஆயிடும்.” வந்தனா கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “இன்னொண்ணு. சீட்டை விட்டு எழுந்து போனா கம்ப்யூட்டர் தானா பூட்டிக்கும். பூட்டின திரையில என் ரீடரைப் பேசவே விடாது அந்த சாஃப்ட்வேர். பாஸ்வேர்ட் எங்க அடிக்கறதுன்னு தெரியாம உக்காந்திருப்பேன். அதனால ஐடி பையன் மகேஷ்குமார் என் கம்ப்யூட்டர்ல மட்டும் பூட்டை எடுத்துட்டான்.”

“அப்போ நீங்க சாப்பிடப் போனா, யாரு வேணும்னாலும் உக்காரலாம்!” என்றான் பாண்டி.

“யார் வேணும்னாலும். ஹாலுக்கே தெரியும். மகேஷ்தான் இப்போ தெரியாதுங்கறான்.”

பாண்டி ராபியாவின் காதருகே குனிந்தான். “முடிஞ்சு போச்சுக்கா. மகேஷ்தான். பூட்டை எடுத்தவனே புகுந்துட்டான். டாக்ஸியத் திருப்பச் சொல்லவா?”

“ஆளப் பாக்கும் முன்னயே கழுவுல ஏத்தாதே” என்றாள் ராபியா.

*

செம்பூர் ஆபீஸில் ஹால் முழுக்க ஹெட்போன் மாட்டிய தலைகள். எல்லாம் இருபது சொச்சம் வயது. தட்டச்சுச் சத்தம் மட்டும் மழை மாதிரி. வந்தனாவின் கோல் சத்தத்துக்கு யாரும் திரும்பவில்லை. திரும்பாமலே எல்லாரும் பார்த்தார்கள்.

வாசலில் சுந்தரராமன் நின்றார். தலை மை மாதிரிக் கறுப்பு. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை.

“இவா யாரு?”

“என் பக்கத்து ஆட்கள். இவா இல்லாம நான் பேனாவைத் தொட மாட்டேன்” என்றாள் வந்தனா.

“டிடெக்டிவ் ஏஜென்ஸி சார்” என்று பாண்டி பைக்குள் கைவிட்டு ஒரு கார்டை எடுத்து நீட்டினான். சுந்தரராமன் அதை வாங்கி, கையை முழுசாக நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார்.

“ஓ… டிடெக்டிவ் ஏஜென்ஸி. சந்தோஷம்” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் முன்னால் நடந்ததும் பாண்டி வாயைப் பொத்திக்கொண்டான். “ஏக்கா, கை மாறிப் போச்சு. அது என் பழைய கடை கார்டு. ‘பழுதான பிரிண்டர் எடுக்கப்படும்’னு போட்டிருக்கும். மனுசன் சந்தோஷம்ங்காரு!”

ராபியா சிரிக்கவில்லை. சுந்தரராமனின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

முதலாளி பாகீரதியின் கண்ணாடி அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பாகீரதிக்கு அறுபது இருக்கும். மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. மேஜை மேல் அந்தக் காகிதம், அதன் மேல் ஒரு பேனா. மூலையில் மகேஷ்குமார் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

பாண்டி நேராக அவனிடம் போனான். “தம்பி, எந்த ஏரியா?”

“பாண்டுப். தமிழ் தோடா தோடா ஆதா ஹை.”

“கொஞ்சம் வந்தாப் போதும். வந்தனா கம்ப்யூட்டர்ல பூட்டை எடுத்தது யாரு?”

மகேஷ் பாகீரதியைப் பார்த்தான். சுந்தரராமனைப் பார்த்தான்.

“நான்தான் மேடம். அவங்க டெய்லி அழுவாத குறையா கேட்டாங்க. ரூல் இல்ல, ஆனா செஞ்சேன். சொன்னா நௌக்ரி, வேலை போயிடும்னு பயம்.”

பாகீரதியின் முகம் இறுகியது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ!”

“பாத்தேளா?” என்று சுந்தரராமன் முந்திக்கொண்டார். “ஆனா இதனால ஒண்ணும் மாறலை மேடம். பூட்டு இருந்தாலும் இல்லேன்னாலும் திருடினது இவதான். மகேஷ், அந்தப் படங்களைப் போடு.”

லேப்டாப்பில் வரிசையாகக் கறுப்புப் படங்கள். நடுவில் ஒன்று மட்டும் வெளிச்சமாக இருந்தது. நடிகையின் ரிப்போர்ட்.

“நாள் பூரா மூடி வெச்சிருக்கா. லஞ்ச் டயத்துல, ரிப்போர்ட் திறந்தப்போ மட்டும் திரை திறந்திருக்கு” என்றார் சுந்தரராமன்.

பாண்டி துள்ளினான். “அதான் சார் நானும் சொல்லுதேன்! அவங்களுக்குத் திரை எதுக்கு? திரையத் திறந்தவன் கண்ணு தெரிஞ்சவன்!”

“நன்னா யோசியுங்கோ. போட்டோ எடுக்கணும்னா திரை திறந்திருந்தாத்தானே முடியும்? அவளுக்குத் தெரியாதா அது? எங்கயோ காட்டிப் பணம் பண்ணத் திறந்திருக்கா. முடிஞ்சதும் மூடியிருக்கா.”

பாண்டி ராபியாவைப் பார்த்தான். அந்தப் பதில் சரியாக இருந்தது. பாகீரதி பெருமூச்சோடு காகிதத்தை வந்தனா பக்கம் நகர்த்தினார்.

“போட்டுடும்மா. போலீஸ் கோர்ட்டுன்னு உங்க அப்பா அலைய வேண்டாம். நானும் அதைச் சொல்லித்தான் இவரைத் தடுத்து வெச்சிருக்கேன்.”

“அப்பா அலைவார் மேடம். நானும் அலைவேன். பேனாவை எடுத்துக்கோங்கோ.” வந்தனா காகிதத்தை விரலால் தடவி, அப்படியே மேஜையின் அடுத்த முனைக்குத் தள்ளினாள். பேனா உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

ராபியா அப்போதுதான் பேசினாள். அவள் குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் எல்லாரும் குனிந்தார்கள்.

“மகேஷ், அந்த வெளிச்சப் படத்துக்குக் கீழே ஏதோ சிவப்புல எழுதியிருக்கே. என்ன அது?”

“அணுகல் வசதி, அதாவது பார்வைக் குறை இருக்கறவங்களுக்கான செட்டிங், மாற்றம்னு சாஃப்ட்வேர் வார்னிங் குடுத்திருக்கு. அவங்களோட ஸ்க்ரீன் ரீடர்தான் மேடம். அவங்களுக்கு அது டெய்லி வரும்.”

“திறந்து பாத்தியா?”

“இல்ல. பார்வை இல்லாதவங்க கம்ப்யூட்டர்ல அந்த வார்னிங் வரத்தானே செய்யும்?”

“இப்போ திற.”

மகேஷ் தட்டினான். அவன் புருவம் மேலே ஏறியது. “ரீடரை நிறுத்தியிருக்காங்க. அப்புறம்… எழுத்து அளவு. இருக்கறதிலயே பெரிய அளவுக்கு மாத்தியிருக்காங்க.”

வந்தனா சட்டென்று நிமிர்ந்தாள். “என்னது? எழுத்து அளவா?”

“பாண்டி, அந்த வீடியோவைப் போடு” என்றாள் ராபியா. ஆறு போட்டோக்களும் வரிசையாக ஓடின. “இது ஒரு பக்க ரிப்போர்ட். சாதாரண எழுத்துல இருந்தா ஒரே போட்டோவுல அடங்கிரும். ஒளிஞ்சு எடுக்கிறவங்க சீக்கிரம் எடுத்துட்டுப் போகத்தான் பார்ப்பாங்க. இங்கே எழுத்தைப் பெருசாக்கி, கீழே தள்ளித் தள்ளி ஆறு தடவை எடுத்திருக்காங்க. ஏன்?”

ராபியாவே பதிலையும் சொன்னாள்.

“எடுத்தவங்களுக்குப் படிக்கணும். சரியான ரிப்போர்ட்தானான்னு பாக்கணும். சின்ன எழுத்துல அவங்களால படிக்க முடியல.”

“இட்லி!” என்று பாண்டி நெற்றியில் அடித்துக்கொண்டான். “காலையிலயே சொன்னேனே நான்!”

வந்தனா சிரித்தாள். அன்று முதல் முறை. “மேடம், எழுத்தை யானை சைஸ் பண்ணினாலும் எறும்பு சைஸ் பண்ணினாலும் எனக்கு ஒண்ணுதான். பார்வை கம்மியா இருக்கறவாளுக்குத்தான் பெரிய எழுத்து. எனக்குக் கம்மி இல்லை. சுத்தமா இல்லை. இத்தனை வருஷமா என்னோட வேலை பாக்கறேள், இதுகூடத் தெரியலையா ஒருத்தருக்கும்?”

பாகீரதி தன்னையறியாமல் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியைத் தொட்டார்.

“உங்களை நான் சொல்லல மேடம். உங்களுக்குக் கண்ணாடி எப்பவும் கழுத்துல இருக்கு. ஹால்ல இருக்கிறதெல்லாம் சின்னப் பிள்ளைங்க” என்றாள் ராபியா. பிறகு சுந்தரராமன் பக்கம் திரும்பினாள். “சார், உங்க பையில இருக்கிற கார்டை ஒரு தடவை படிங்களேன்.”

“இது என்ன விளையாட்டு? டிடெக்டிவ் ஏஜென்ஸின்னு போட்டிருக்கு.”

பாகீரதி கையை நீட்டினார். கார்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிப் படித்தார். “‘பாண்டி கம்ப்யூட்டர்ஸ். பழுதான பிரிண்டர் எடுக்கப்படும்.’” அவர் மெதுவாக நிமிர்ந்தார். “சுந்தரம், உங்களுக்கு வெள்ளெழுத்து வந்து எத்தனை நாளாச்சு?”

“கண்ணாடி போடலைங்கறதுக்காக ஒருத்தனைத் திருடன்னு சொல்லுவேளா?”

“சொல்ல மாட்டோம்” என்றாள் ராபியா. “உங்க கம்ப்யூட்டர்ல எழுத்து எந்த அளவுல இருக்குன்னு மட்டும் பாத்துருவோம். மகேஷ் இங்கேயிருந்தே எடுத்துக் காட்டுவான்.”

“கூடாது!” சுந்தரராமன் எழுந்தே விட்டார். “அதுல என் சொந்த விஷயமெல்லாம் இருக்கு. ஒருத்தரோட திரையை அனுமதி இல்லாமப் பாக்கறது ப்ரைவசி…”

அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“சொல்லுங்கோ சார்” என்றாள் வந்தனா. “ப்ரைவசி. நானும் அதைத்தான் சொன்னேன். நீங்க அதுக்குத் திருட்டுத்தனம்னு பேர் வெச்சேள்.”

மகேஷ் யாரும் சொல்லாமலே விசையைத் தட்டினான். சுந்தரராமனின் திரை லேப்டாப்பில் விரிந்தது. மூன்று வார்த்தைக்கு ஒரு வரி. அதே இட்லிகள்.

பாகீரதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். “உங்க மச்சினன் ஏதோ சேனல்ல சேர்ந்திருக்கான்னு ஸ்வீட் குடுத்தேளே, எந்த சேனல்?”

சுந்தரராமன் லேப்டாப்பை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“போனைக் கொடுங்கோ சுந்தரம். அந்த ஆறு போட்டோவும் அதுல இல்லேன்னா நானே உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.”

சுந்தரராமனின் கை தானாகச் சட்டைப் பையை மூடியது. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

*

பாகீரதி எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். மேனேஜரே எடுத்தார் என்று ஆஸ்பத்திரிக்குத் தகவல் போய்விட்டால் கான்ட்ராக்ட் போய்விடும் என்ற கணக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது.

“வந்தனா, தப்பு நடந்துடுத்து. இவர் இன்னியோட வேலையை விட்டு நின்னுடுவார். நீ பாட்டுக்கு நாளைக்கு வந்து உக்காரு. வெளியில ஒண்ணும் பேச வேண்டாம். நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவா.”

“என்னத்தை மறப்பா மேடம்?”

“அதான்… அவர் சொன்னதை.”

“திருடின்னு சொன்னப்போ கதவு திறந்திருந்தது. இல்லேன்னு சொல்றதுக்கு மட்டும் சாத்தணுமா?”

“கம்பெனி பேரையும் பாக்கணுமோன்னோ!”

“கம்பெனி பேரை நீங்க பாருங்கோ. என் பேரை நான் பாத்துக்கறேன். அப்பறம், நாளைக்கு எதுக்கு? ஒரு எலும்பு டாக்டரோட ரிப்போர்ட் பாதில நிக்கறது. இப்பவே முடிக்கணும்.”

அவள் கோலை விரித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ராபியா அவளுக்கு வழி காட்ட எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டாள். வந்தனாவுக்கு வழி தெரிந்திருந்தது. தூணை ஒட்டிய சீட்டில் போய் உட்கார்ந்து ஹெட்போன் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். ஸ்பீக்கர் சத்தத்தை முழுக்க ஏற்றினாள். ரீடரின் வேகத்தைக் குறைத்தாள். மற்றவர்களுக்கும் புரிகிற வேகம். பிறகு டைப் அடித்தாள்.

ஹாலில் ஒரு ஆண் குரல் எழுந்தது. ஏற்ற இறக்கமே இல்லாத மெஷின் குரல். அது ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: “நடிகையின் ரிப்போர்ட்டை எடுத்தவள் வந்தனா அல்ல. எடுத்தவர் சுந்தரராமன். வந்தனாவின் கம்ப்யூட்டரில், அவள் சாப்பிடப் போனபோது எடுத்தார்.”

தட்டச்சு மழை நின்றது. ஒரு தலை ஹெட்போனைக் கழற்றியது. இன்னொன்று. பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

“வந்தனா, போதும் நிறுத்து!” என்று பாகீரதி கதவருகே வந்து சொன்னார்.

வந்தனா மறுபடி விசையை அழுத்தினாள். குரல் முதலிலிருந்து தொடங்கியது. பாகீரதி மகேஷைத் திரும்பிப் பார்த்தார். “அதை இங்கேர்ந்து அணைக்க முடியுமோல்லியோ?”

“முடியும் மேடம்” என்றான் மகேஷ். லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“எனக்குப் பேச ஒண்ணும் மிச்சம் வெக்கலையேக்கா இந்தப் பொண்ணு” என்றான் பாண்டி.

“ஒரு நாளாவது சும்மா இருலே.”

சுந்தரராமன் தோள்பையோடு அறையை விட்டு வெளியே வந்தார். வாசலுக்குப் போக ஹாலைக் கடந்தாக வேண்டும். குரல் மூன்றாவது முறையாக அவர் பெயரைச் சொன்னபோது அவர் தூணருகே இருந்தார். வந்தனா திரும்பவில்லை. குரல் முடிந்ததும் ஒயரைத் தேடிச் செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எலும்பு டாக்டரின் ரிப்போர்ட்டை அடிக்க ஆரம்பித்தாள்.

அவர் அவளிடம் ஏதோ சொல்லப் போவது போல ஒரு நொடி நின்றார். அவள் விரல்கள் நிற்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லிஃப்ட் மேலே எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் கீழே இறங்கிப் போனார்.